ஆக்ஸியோ 141 பெற்றோல் குடிக்கிது, கேஜ் பூட்டினா குறையுமா?

கல்லடிக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். என்ட கார் டொயோட்டா ஆக்ஸியோ 141, 1500 சீசி, ஓட்டோ கியர். வீடு கல்லடி, வேல அக்கரைப்பற்றில, அதால கிழமை நாளெல்லாம் போற வாற ஓட்டம்தான், ஒரு பக்கம் 60 கிலோமீற்றருக்கு மேல வரும். இந்த ரோட்டு தெரிஞ்ச ஆக்களுக்கு சொல்லத் தேவல்ல, காத்தான்குடி பேரீச்ச மரத்துக்குப் பக்கத்தால ஊர்ந்து போகணும், ஆரையம்பதி தாண்டினா கொஞ்சம் ஓடலாம், பிறகு களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுன, கல்முன எண்டு பிரேக்கில கால வச்சபடி போய் நிந்தவூர் தாண்டினாப் பிறகுதான் ரோட்டு கொஞ்சம் திறக்கும்.

பிரச்சின என்னெண்டா லீற்றருக்கு 10 தான் ஓடுது, சில டாங்க்குக்கு அதுவும் இல்ல. டாங்க்க நிரப்பி ட்ரிப் மீற்றர பூச்சியமாக்கி அடுத்த முற நிரப்பக்குள்ள அடிச்ச லீற்றரால பிரிச்சுத்தான் சொல்றன், மனக்கணக்கு இல்ல. என்னோட வேல செய்யிற ஒருத்தர் களுவாஞ்சிகுடியில இருந்து இதே மொடல்ல வாறவர், அவருக்கு 14 வருதாம். எயார் ஃபில்டர் மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு, ரயருக்கு காத்தும் பாத்தாச்சு. டாஷ்போட்டில ஒரு லைட்டும் எரியல்ல. கராஜில கேட்டா பழைய கார் எண்டா அப்பிடித்தான் தம்பி எண்டு அனுப்பி விடுறாங்க.

இப்ப நான் யோசிக்கிறது, வெளியில வாங்கிப் பூட்டுற மீற்றர் ஏதும் வச்சு எங்க பெற்றோல் போகுது எண்டு பாப்பமா எண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில வட்டமான வெக்கியூம் கேஜ் கிடக்காம், எயார் ஃபியூவல் கேஜ் எண்டும் ஒண்டு சொல்றாங்க, இதுக்கிடையில புளூடூத் ஓபிடி எண்டு சின்னக் கட்டை ஒண்டு கார்ட கம்பியூட்டர வாசிச்சு போனுக்கு காட்டுமாம். இன்னொண்டு ஃபியூவல் சேவர் எண்டு ஒன்லைன்ல ஓடுது, ஓபிடி சொக்கட்டில குத்தினா சரியாம், 30 வீதம் மிச்சமாம். இதுல எது வேல செய்யும், எது காச கரியாக்கிற சாமான்? பாவிச்ச ஆக்கள் மட்டும் சொல்லுங்க பிளீஸ்.


நிந்தவூரான்:

தம்பி முதல்ல கடைசிச் சாமானுக்கு மறுமொழி, அந்த ஃபியூவல் சேவர் கட்டைய வாங்கவே வாங்காதீங்க. அதுக்குள்ள இரிக்கிறது மினுங்கிற லைட்டும் ஒரு சின்ன சிப்பும்தான், கார்ட கம்பியூட்டரோட அது ஒரு சொல்லும் பேசாது. 30 வீதம் மிச்சம் புடிக்கிற வழி அவ்வளவு லேசா இரிந்திரிந்தா டொயோட்டாக்காரன் அத பெக்டரியிலயே குத்தி விட்டிரிப்பான்.

மறுகா எயார் ஃபியூவல் கேஜ். அது டர்போ போட்டு டியூன் பண்ற ஆக்களுக்குத்தான். உங்கட கார் சாதாரண ஓட்டத்தில தானாவே ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காத்து எண்ட கணக்கில நிண்டுக்கிட்டு இரிக்கும், சைலன்சர் குழாயில சென்சர் வச்சு அதுவே கூட்டிக் குறைச்சிக்கிடும். குழாயில ஓட்ட போட்டு வெல்ட் பண்ணி வைட்பேண்ட் சென்சர் இறக்கி நீங்க பாக்கப்போறதெல்லாம் 14.7ஐ சுத்தி ஆடுற நம்பர் ஒண்டுதான். பாக்க வடிவா இரிக்கும், வேற ஒண்டுமில்ல.

உங்களுக்கு வேண்டியது ஓபிடி புளூடூத் கட்டைதான். ஈஎல்எம்327 எண்டு கேளுங்க, ஸ்டியரிங்குக்கு கீழ ஒரு 16 பின் சொக்கட் இரிக்கும் அதுல குத்தணும். என்ட மச்சான்ட காரும் 141தான், அதுல ஒழுங்கா வேல செய்யிது. ஒண்டு கவனம், இந்த சாமான்ல டூப்ளிகேட் மலிஞ்சி கிடக்கு, வேர்ஷன் 2.1 எண்டு போட்டு வாற சின்னக் கட்டைகள் பலதுல பாதி கட்டளை வேல செய்யாது, 1.5 எண்டு வாறத பாருங்க, அதுலயும் திருப்பிக் குடுக்கிற கடையாப் பாத்து எடுங்க. ஐபோன் எண்டா சாதா புளூடூத் கட்டை எடுபடாது, வைஃபை இல்லாட்டி புளூடூத் எல்ஈ எண்டு இரிக்கிறத்தான் எடுக்கணும். ஆப் எண்டா டோர்க் இல்லாட்டி கார் ஸ்கேனர், ரெண்டும் பரவால்ல. காசிருந்தா ஸ்கேன்கேஜ் எண்டு தனி மீற்றரே வருது, போன் தேவல்ல, டாஷ்போட்டில ஒட்டி விட்டா சரி, ஆனா வெல கூட.

இந்த ஆப் எப்படி பெற்றோல் கணக்கு சொல்லுது எண்டு விளங்கிக்கிட்டீங்கண்டா ஏமாற மாட்டீங்க. டாங்க்குக்குள்ள அது எட்டிப் பாக்கிறல்ல. எஞ்சினுக்குள்ள செக்கனுக்கு எத்தின கிராம் காத்து போகுது எண்டு மாஃப் சென்சர் சொல்லும், அத 14.7ஆல பிரிச்சா பெற்றோல் கிராம், அத மணித்தியாலத்துக்கு பெருக்கி லீற்றராக்கும். சும்மா ஸ்டார்ட்ல நிக்கக்குள்ள 2 கிராம் காட்டிச்செண்டா மணிக்கு 0.66 லீற்றர் கிட்ட எரியுது எண்டு அர்த்தம். சுசுக்கி சின்ன எஞ்சின் பலதுல மாஃப் இல்ல, மேனிஃபோல்ட் எண்ட எஞ்சினுக்கு காத்து போற குழாய்ட அமுக்கத்த வச்சுத்தான் குத்துமதிப்பா கணக்கு வரும், அதுக்கு ஆப்ல எஞ்சின் சீசிய சரியா போட்டிரிக்கணும். எந்தக் காரெண்டாலும் முதல்ல வாற நம்பர நம்பாம நீங்க இப்ப செய்யிற டாங்க் கணக்கோட ஒப்பிட்டு ஆப்ல திருத்தி விடுங்க. ஒரே பெற்றோல் செட்ல, ஒரே பம்பில, நோஸில் தானா நிக்கிற இடத்தோட நிப்பாட்டிப் போடுங்க, சும்மா உருட்டி உருட்டி கழுத்து வரைக்கும் அடிச்சா கணக்கு பிழைக்கும்.

கட்டை வந்ததும் கிலோமீற்றர் லீற்றர் எல்லாம் பாக்கிறத்துக்கு முதல் மூண்டு நம்பர் எடுத்து இஞ்ச போடுங்க. கூலண்ட் எண்ட எஞ்சின் தண்ணிட வெப்பம், லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் (கம்பியூட்டர் பெற்றோல எத்தின வீதம் கூட்டிக் குறைச்சு விடுது எண்டிறது), சும்மா நிக்கக்குள்ள மணிக்கு எத்தின லீற்றர். கார் நல்லா சூடாகி அரமணித்தியாலம் ஓடினாப் பிறகு எடுத்த நம்பரா இரிக்கணும். காரில பிழையா காலில பிழையா எண்டு அதுல தெரிஞ்சிடும்.


டொல்பின்_வேன்:

கேஜ் கீஜ் எல்லாம் என்னத்துக்கு. 2022ல கியூஆர் அடிச்சு கிழமைக்கு காருக்கு 20 லீற்றர் தந்த நேரம், 92 ஒக்டேன் 470 ரூபாக்குப் போன நேரம், ஒரு கேஜும் இல்லாமத்தானே எல்லாரும் மிச்சம் புடிச்சு ஓடினாங்க. ஏசிய நிப்பாட்டு, 60ல போ, முன்னுக்கு பஸ் நிக்கப்போறது தெரிஞ்சா முதலே கால எடு. டிக்கியில கிடக்கிற பழைய சாமான இறக்கி வை. மற்றது 95 அடிச்சா கூட ஓடும் எண்டு சொல்றவன நம்பாத, 92க்கு செஞ்ச எஞ்சினுக்கு 92தான், மிச்சக் காசுக்கு கல்முனயில கொத்து சாப்பிடலாம்.


நிந்தவூரான்:

டொல்பின் சொல்றதும் சரிதான், ஆனா அவர் சொல்றதெல்லாம் கார் ஒழுங்கா இரிந்தாத்தான். ஒரே ரோட்டில ஒரே மொடல் 14 ஓட இவருக்கு 10 எண்டா அது காலில மட்டும் வந்த வித்தியாசமா எனக்கு படல்ல.


லான்சர்_வாழைச்சேனை:

வெக்கியூம் கேஜ ஆரும் ஏசாதீங்க மனே. என்ட பொக்ஸ் லான்சருக்கு ஓபிடியும் இல்ல ஒரு கம்பியூட்டரும் இல்ல, காபிரேட்டர். அதுக்கு இந்த வட்டக் கேஜ்தான் டொக்டர். காபிரேட்டருக்கு கீழ, இன்டேக் மேனிஃபோல்டில இருந்து வாற ரப்பர் குழாய வெட்டி ஒரு டீ போட்டு குழாய உள்ளுக்கு இழுத்து பூட்டினா முடிஞ்சிது, கரண்ட் வேல எண்டா லைட்டுக்கு மட்டும்தான்.

நல்ல எஞ்சின் எண்டா சும்மா ஸ்டார்ட்ல நிக்கக்குள்ள ஊசி 17 இன்ச்சுக்கும் 21 இன்ச்சுக்கும் இடையில ஆடாம நிக்கணும், நம்ம பக்கம் கடல் மட்டம்தானே அதால இந்த கணக்கு அப்பிடியே பொருந்தும், நுவரெலியாவில எண்டா குறைஞ்சு காட்டும். ஊசி ஒரே சீரா அடிக்கடி வெட்டி வெட்டி விழுந்தா ஒரு வால்வில பிழை. ஆடாம ஆனா 15க்கு கீழ நிண்டா டைமிங் பிந்தி இருக்கும், இல்லாட்டி எங்கயோ காத்து உள்ளுக்கு இழுக்குது. மெல்ல மெல்ல மேலயும் கீழயும் அலைஞ்சா மிக்ஸர், அதாவது பெற்றோல் காத்து கலவையில பிழை. நான் மிக்ஸர் ஸ்குரூவ திருப்பக்குள்ள காதால கேட்டு திருப்பிறல்ல, ஊசி ஆகக்கூட உயரத்தில ஆடாம நிக்கிற இடத்தில விட்டுடுவன், கராஜ் பாஸ்மார் கூட என்ட கேஜ வந்து இரவல் கேக்கிறாங்க.

ஓட்டத்துக்கும் உதவும். அக்சிலேட்டர மிதிச்சா ஊசி பூச்சியத்துக்கு விழும், கால தளத்தினா ஏறும். ஊசி விழாமப் பாத்து ஓடினா பெற்றோல் மிச்சம் எண்டு பழைய ஆக்கள் சொல்றது பாதிக்குத்தான் சரி. ஏனெண்டா எருமமாடு ஊர்ற மாதிரி மெல்ல மெல்ல வேகம் எடுத்தாலும் வீண், கீழ் கியர்ல கனநேரம் கிடந்து எரியும். அளவா மிதிச்சு வேகத்த எடுத்து கெதியா மேல் கியருக்குப் போட்டு பிறகு கால தளத்தி ஊசிய மேல வச்சபடி ஓடுறதுதான் கணக்கு. ஓட்டமாவடி பாலம் ஏறக்குள்ள ஊசி விழத்தான் செய்யும், அதுக்காக கவலப்பட்டு பின்னால வாறவன்ட ஹோர்ன் வாங்கிக் கட்டத் தேவல்ல.

ஆனா தம்பி உங்கட 141க்கு இது தேவையில்ல. நிந்தவூர் ஆள் சொன்னத செய்ங்க.


கல்லடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கட்டை வந்திட்டு, கார் ஸ்கேனர் போட்டு பாத்தன். வேல முடிஞ்சு வீட்ட வந்து எஞ்சின நிப்பாட்டாம அப்பிடியே எடுத்த நம்பர் இது.

கூலண்ட் ஓட்டத்தில 66ல இருந்து 70, நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில நல்ல காத்துப் பட ஓடக்குள்ள 63க்கும் இறங்கிச்சு. காத்தான்குடிக்குள்ள ஊரக்குள்ள 80 தொட்டுது. லோங் டேர்ம் ட்ரிம் பிளஸ் 4. சும்மா நிக்கக்குள்ள ஏசி இல்லாம 0.8, ஏசியோட 1.2 லீற்றர் காட்டுது.

வெப்பம் குறைவா இருக்கிறது நல்லம்தானே? எஞ்சின் கூலா ஓடுது எண்டு நான் சந்தோஷப்பட்டன். கார் ஸ்கேனர்ல நேரத்துக்கு நேரம் காட்டுற கிலோமீற்றர் நம்பர பாக்க பாக்க எனக்கு மண்ட விறைக்குது, ஒரு நேரம் 5, ஒரு நேரம் 40, என்னத்த நம்புறது?


செங்கலடி_பாஸ்:

தம்பி நீங்க தேடின கள்ளன் அந்த முதல் நம்பர்லயே இருக்கான். 66 எண்டிறது நல்லம் இல்ல, எஞ்சின் ஒருநாளும் முழுசா சூடாகல்ல எண்டு அர்த்தம். கார் ஓடக்குள்ள 80ஐ தாண்டி 90க்கு கிட்ட நிக்கணும். வேகமா ஓட ஓட வெப்பம் இறங்குது, ஊருக்குள்ள ஊர்ந்தா ஏறுது எண்டு எழுதியிருக்கிறீங்களே, அத பாத்தாலே தெரியும் தேமோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் மட்டும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மறிக்கிற வால்வு) திறந்தபடி இறுகியிருக்கு, இல்லாட்டி ஆரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க. ரெண்டாவதுதான் கூட நடக்கிறது. காருக்கு ஒருக்கா சூடு ஏறிச்செண்டா நம்ம நாட்டில முதல் வேல தேமோஸ்டாட்ட கழட்டிறது, இது சூட்டு நாடு இதுக்கு அது தேவல்ல எண்டு ஒரு விளக்கம் வேற. உண்மையில சூடு ஏறினதுக்கு காரணம் ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் ஓடலயா, கிணத்துத் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ளுக்க உப்பும் துருவும் படிஞ்சதா எண்டு பாக்காம, சுகமான வேலைய செஞ்சு காரக் குடுத்திடுவாங்க.

இப்ப பெற்றோல் எப்படி போகுது எண்டு கேளுங்க. கார்ட கம்பியூட்டர் கூலண்ட் சென்சர பாத்துத்தான் எஞ்சின் குளிரா சூடா எண்டு முடிவெடுக்கும். குளிர் எண்டு நினைச்சா பெற்றோல கொஞ்சம் கூட ஊத்தும், ஸ்டார்ட்ல நிக்கிற சுத்தையும் ஏத்தி வச்சிருக்கும், உங்களுக்கு 0.8 காட்டுறது அதாலதான், நல்ல சூட்டில 0.6, 0.7 எண்டு வரணும். அதுக்கு மேல ஓட்டோ கியர் கார்ல கூலண்ட் குளிரா இருந்தா கியர்பொக்ஸ் லொக்காகிறதும் பிந்தும், அதால அதே வேகத்துக்கு எஞ்சின் கூட சுத்தும். ஒயிலும் தடிப்பா இருக்கும். லைட் எரியல்லயே எண்டு கேப்பீங்க, சில நாட்டுக்கு போற கார்கள்ல இதுக்கு பி0128 எண்டு கோட் விழும், எல்லாக் காரும் அத போடாது. டாஷ்போட்டில இருக்கிற வெப்ப ஊசிகளும் அப்பிடித்தான், கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் நடுவில நிக்கிற மாதிரித்தான் செஞ்சு விடுறாங்க, சாரதி பயப்படாம இருக்க. அதாலதான் வெளி மீற்றர் ஒண்டு நம்பர்ல காட்டக்குள்ள நமக்கு இவ்வளவு பிரயோசனம்.

செய்ய வேண்டியது, தேமோஸ்டாட் ஹவுசிங்க கழட்டிப் பாருங்க. உள்ளுக்க ஒண்டுமில்லாட்டி நல்ல தேமோஸ்டாட் ஒண்டும் புது கேஸ்கட்டும் வாங்கிப் பூட்டுங்க, மலிவு சாமான் வாங்காதீங்க இதுல, இறுகிப் பூட்டிக்கிச்செண்டா எஞ்சின் ஹெட்டுக்கே வேல வந்திடும். அதுல ஒரு சின்ன ஓட்டையும் ஆடுற ஊசியும் இருக்கும், அது மேல் பக்கம் வரணும், காத்து வெளியேற. பூட்டக்குள்ள கிணத்துத் தண்ணிய விட்டுட்டு கூலண்ட் ஊத்துங்க, காத்து முழுக்க வெளியில போகும் மட்டும் ஸ்டார்ட்ல வச்சு ஊத்துங்க. முக்கியமா, தேமோஸ்டாட் போட்ட பிறகு முதல் ஓட்டத்தில அந்த போன் திரையில இருந்து கண்ண எடுக்காதீங்க எண்டு சொல்ல ஏலா, ரோட்டையும் பாக்கணும், ஆனா 100ஐ தாண்டி ஏறிக்கிட்டே போச்செண்டா உடன நிப்பாட்டுங்க. முதல் ஆள் ஏன் கழட்டினான் எண்டு அப்பத்தான் தெரியும், ரேடியேட்டர் அடைச்சிருந்தா அதையும் கழுவத்தான் வேணும்.

ட்ரிம் பிளஸ் 4 நல்லம். பிளஸ் மைனஸ் 10க்குள்ள நிண்டா கவலையே வேணாம். 15, 20 எண்டு ஏறியிருந்தா மாஃப் சென்சர் ஊத்தையா, எங்கயும் குழாய் வெடிச்சு காத்து இழுக்குதா எண்டு தேட வேண்டி வந்திருக்கும்.


நிந்தவூரான்:

பாஸ் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்டுமில்ல. உங்கட கடைசிக் கேள்விக்கு மட்டும், நேரத்துக்கு நேரம் ஆடுற நம்பர பாத்துக்கிட்டு ஓடாதீங்க, அது மிதிச்சா 5 விட்டா 40 எண்டுதான் காட்டும். ட்ரிப் சராசரிய திரையில பெருசா வையுங்க. மணிக்கு லீற்றர் எண்ட நம்பர பக்கத்தில சின்னதா. மத்ததெல்லாம் ஒளிச்சு விடுங்க.


வாகன்ஆர்_பிள்ளை:

இடையில புகுந்து கேக்கிறன் மன்னிக்கணும், எங்கட வீட்ட வாகன்ஆர் ஹைபிரிட், டாஷ்போட்டிலயே கிலோமீற்றர் லீற்றர் காட்டுது, எங்களுக்கும் இந்த கட்டை தேவையா? அக்காட்ட அக்குவா ஒண்டும் இருக்கு.


நிந்தவூரான்:

வாகன்ஆருக்கு பெற்றோல் கணக்கு பாக்கத்தான் எண்டா தேவல்ல தங்கச்சி, கார்ட மீற்றரே போதும், அதுவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், டாங்க் கணக்கோட ஒருக்கா ஒப்பிட்டு எவ்வளவு கூட்டுது எண்டு மனசில வச்சுக்கிடுங்க. அக்குவாவுக்கு எண்டா கட்டாயம் வாங்கச் சொல்வன், ஆனா பெற்றோலுக்காக இல்ல. ஹைபிரிட் அசிஸ்டண்ட் எண்டு டொயோட்டா ஹைபிரிட்டுக்கே செஞ்ச ஆப் இரிக்கி, பெரிய பற்றறிட வெப்பம், ஒவ்வொரு பகுதிட வோல்ட் எல்லாம் காட்டும். பின் சீட் பக்கத்தில பற்றறிக்கு காத்து இழுக்கிற ஓட்ட இரிக்கும், அதுல தூசியும் முடியும் அடைச்சா பற்றறி சூடாகும், பற்றறி தளந்தா எஞ்சின் கூட ஓடும், எஞ்சின் கூட ஓடினா பெற்றோலும் போகும். அக்காவ பின் சீட்டில துணி மூட்ட வச்சு அந்த ஓட்டைய மூட வேணாம் எண்டு சொல்லுங்க.


கல்லடிக்காரன்:

பாஸ், உங்கட கை முத்தம் வாங்க வேண்டிய கை. ஹவுசிங்க கழட்டினா உள்ளுக்க வெறும் ஓட்ட, தேமோஸ்டாட் இல்லவே இல்ல. நான் வாங்கிறத்துக்கு முதல் ஆரோ கழட்டியிருக்காங்க. உள்ளுக்கு இருந்து வந்த தண்ணி பிளேன்ரீ கலர். ரேடியேட்டரையும் கழுவிப்போட்டு புதுசு பூட்டி கூலண்ட் ஊத்தியாச்சு. இப்ப ஓட்டத்தில 84ல இருந்து 88, காத்தான்குடிக்குள்ள ஏசியோட நிண்டா 93 வரைக்கும் போய் ஃபேன் ஓட திரும்ப இறங்குது. சும்மா நிக்கக்குள்ள ஏசி இல்லாம 0.65.

டாங்க் கணக்கில இப்ப 13 கிட்ட வருது. அந்த டாங்க் ஓடி முடியும் மட்டும் ஓட்டத்த நான் மாத்தல்ல, அதே கால்தான், அதால இப்பிடிக் கூடினது பெரும்பாலும் தேமோஸ்டாட்டாலதான்.

இனி கேஜ பாத்து கண்டுபிடிச்ச வேற விஷயம் சொல்றன். ஒரே ரோட்டு, ஒரே வேகம், காலையில அக்கரைப்பற்றுக்கு போகக்குள்ள ஒரு நம்பர், பின்னேரம் திரும்பி வரக்குள்ள அத விட நல்ல நம்பர். முதல்ல ஏதோ சென்சர் பிழையெண்டு நினைச்சன். பாத்தா கச்சான் காத்து. இப்ப தென்மேற்கால இருந்து அடிக்குது, போகக்குள்ள முகத்தில, வரக்குள்ள முதுகில. ஒலுவில் பக்கம் வயல் வெளியில மரமும் இல்ல மதிலும் இல்ல, அங்கதான் சரியா தெரியுது. அதே இடத்தில 80ல போனா நம்பர் விழுற விழுக்காடும் கண்ணால காணக் கிடைச்சுது, சட்டத்துக்கும் 70தானே, 65ல வச்சு ஓடுறன் இப்ப. நேரத்தில வித்தியாசம் ஒண்டுமே இல்ல, எப்படியும் கல்முன கலர் லைட்டில எல்லாரும் ஒண்டாத்தான் நிக்கிறம்.

ஏசி பற்றி டொல்பின் அண்ணன் சொன்னது ஊருக்குள்ள ஊர்றவங்களுக்கு சரி. 65ல ஓடக்குள்ள ஏசி போட்டாலும் போடாட்டியும் சராசரியில பெருசா ஆடல்ல, யன்னல திறந்து ஓடினா காத்தும் இழுக்கும் புழுதியும் வரும். நான் ஏசிய போட்டுத்தான் ஓடப்போறன், ஏசாதீங்க.


டொல்பின்_வேன்:

ஏசல்ல, காசுள்ளவன் போடட்டும். ஆனா தம்பி எனக்கு ஒரு சந்தேகம் உங்கட கட்டைய வச்சு தீத்துத் தாங்க. நாங்க கண்டியில இருந்து வரக்குள்ள ஹசலக்கக்கு இறங்கிற 18 வளைவில நியூட்ரல்ல போட்டு விட்டா எண்ணெய் மிச்சம் எண்டு எங்கட ஆக்கள் சொல்றாங்க. சரியா?


செங்கலடி_பாஸ்:

அண்ணே அந்த வேலைய செய்யாதீங்க, வேனுக்குள்ள ஆக்கள் இருக்காங்க. நியூட்ரல்ல விட்டா எஞ்சின் பிரேக் போயிடும், முழுப் பாரமும் பிரேக்குக்கு வரும், வளைவுக்கு வளைவு மிதிச்சு மிதிச்சு சூடாகி நடுவழியில பிரேக் பிடிக்காமப் போகும்.

மிச்சமும் இல்ல. இன்ஜெக்டர் உள்ள வாகனத்தில கியர்ல வச்சு அக்சிலேட்டர்ல இருந்து கால முழுசா எடுத்தா கம்பியூட்டர் எண்ணெய முழுசா நிப்பாட்டிடும், டயர்தான் எஞ்சின சுத்தும். சுத்து 1200, 1500 எண்டு இறங்கும் வரைக்கும் ஒரு சொட்டும் போகாது. நியூட்ரல்ல விட்டா எஞ்சின் நிக்காம இருக்க அது எண்ணெய எரிச்சே ஆகணும், அந்த 0.6, 0.7 கணக்கு. அதால இறக்கத்தில கீழ் கியர்தான் மிச்சமும் பாதுகாப்பும். கலர் லைட்டுக்கு கிட்ட போகக்குள்ளயும் அதே கதைதான், தூரத்திலயே கால எடுத்து கியர்லயே உருள விடுங்க. லான்சர் அய்யாட காபிரேட்டருக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்பிடியே பொருந்தாது.

கல்லடித் தம்பிக்கு ஒண்டு, மாஃப வச்சு கணக்கு பாக்கிற ஆப் இந்த நிப்பாட்டலக் காணாது, காத்து போகுதுதானே எண்டு பெற்றோலும் போகுது எண்டே எழுதும். அதால இறக்கத்தில உங்கட ஆப் காட்டுறத விட உண்மையில குறையத்தான் எரியுது. ஸ்கேன்கேஜ் வச்சிருக்கிறவங்களுக்கு அந்த நேரம் 9999 எண்டு வரும், அது பழுது இல்ல.


கல்லடிக்காரன்:

விளங்குது பாஸ். நம்ம பக்கம் இறக்கம் எண்டு இருக்கிறது கல்லடிப் பாலம் மட்டும்தான், அதால எனக்கு பெரிய நட்டமில்ல. கடைசியா ஒண்டு, கட்டைய சொக்கட்டிலயே குத்தி விட்டு வைக்கலாமா, இல்ல ஒவ்வொரு நாளும் கழட்டணுமா?


செங்கலடி_பாஸ்:

ஒவ்வொரு நாளும் ஓடுற கார் எண்டா கிடக்கட்டும். கட்டை கார் நிப்பாட்டின பிறகும் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கும், லீவுக்கு எங்கயும் போய் கிழமைக் கணக்கா கார நிப்பாட்டி வைக்கிறதெண்டா கழட்டி வையுங்க, இல்லாட்டி வந்து பாக்கக்குள்ள பற்றறி செத்துக் கிடக்கும். மற்றது ஏறி இறங்கக்குள்ள முழங்கால் பட்டு சொக்கட் ஆடுறதும் உண்டு, சின்னக் கட்டையா இருந்தா அந்தக் கரைச்சல் இல்ல. போன வெயில் படுற கண்ணாடிப் பக்கம் வைக்காதீங்க, நம்ம மத்தியான வெயிலுக்கு அது சூடாகி நிண்டிடும், ஏசி காத்து வாற ஓட்டையில கொழுவிற ஹோல்டர் ஒண்டு வாங்குங்க.